தீயை அடிப்பவர் ஊரார், தண்ணீர் குடிப்பவர் பட்டணத்தார்

திருத்தணி, சோளிங்கர் மலைகளைச் சுற்றிய காப்புக்காடுகளில் முள்ளும் புதரும் காய்ந்த புல்லும்தான் பெரும்பகுதி. மாசி பிறந்தால் தீக்காலம். இங்கே பற்றும் தீ மர உச்சிக்கு ஏறாது. தரையோடு ஊர்ந்து சருகைத் தின்றுவிட்டு அணையும். அதனாலேயே செய்தியாவதில்லை. ஆனால் புல் போன சரிவில் முதல் கோடை மழை விழுந்தால் சாம்பலோடு மேல்மண்ணும் ஓடைக்கு இறங்கிவிடும். ஓடை நந்தியாற்றுக்கு, நந்தியாறு கொசஸ்தலைக்கு, கொசஸ்தலை பூண்டிக்கு. 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரி சென்னையின் குடிநீர்.

அருகே அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் பட்டாலியன் இருக்கிறது. ராஜாளி கடற்படை விமானத்தளமும் இருக்கிறது. இருந்தும் சரிவில் புகை கிளம்பினால் முதலில் பார்ப்பவர் ஆடு மேய்ப்பவர்தான். இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் செயற்கைக்கோள் நாளில் சில முறைதான் தலைக்கு மேல் வரும். அதற்குள் காற்று வேலையை முடித்துவிடும். ஊராரின் பலம் இந்த இடைவெளியில்தான். பச்சைக் கொப்பை ஒடித்து அடிப்பதிலும் நுணுக்கம் உண்டு: ஓங்கி அடித்தால் பொறி பறந்து முதுகுக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும், அமுக்கி இழுக்க வேண்டும். எந்தப் பாறைத்திட்டில் தீ தானே நிற்கும் என்று தெரிந்தவர் உள்ளூர்க்காரர்.

இந்த அறிவை நிறுவனமாக்கும் முயற்சியாக வந்தவை கிராம வனக்குழுக்கள். 1997இல் ஜப்பான் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் காட்டோர ஊர்களில் குழு அமைத்தது. தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, சுழல்நிதிக் கடன் எல்லாம் வந்தன. கிணற்றில் நீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு மலையைக் காக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குறை வேறிடத்தில்: தலைவர் ஊர்க்காரர், உறுப்பினர் செயலரோ வனத்துறை அலுவலர். காவல் ஊருக்கு, முடிவு துறைக்கு. திட்டப் பணம் வற்றியதும் பல குழுக்கள் பதிவேட்டில் மட்டுமே உயிர் வாழ்ந்தன. இதை ஊராரின் அக்கறையின்மை என்று சொல்வது அநியாயம்.

தீ வைக்கும் அறிவு பற்றியும் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. திருத்தணி முருகனின் வள்ளி காவல் காத்த தினைப்புனம் காட்டைச் சுட்டுத் திருத்திய நிலமாகத்தான் இருந்திருக்கும். 1882ஆம் ஆண்டு வனச்சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதையே குற்றமாக்கியது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள் கோடையின் தொடக்கத்திலேயே மென்மையாகச் சருகை எரித்து வந்தவர்கள். அது தடைபட்ட பிறகு உண்ணிச்செடி மண்டியது என்கிறார்கள். 2011இல் சமூக வன உரிமை கிடைத்தும் அந்தத் தடை விலகவில்லை.

உத்தராகண்டின் அல்மோரா மாவட்டத்தில் ஊரார் பங்கேற்பின் இரண்டு முகங்களையும் பார்க்கலாம். ஷீத்லாகேத் பகுதி ஊரார் மார்ச் முடிவதற்குள் வயலோரப் புல்பூண்டைக் கட்டுக்குள் எரித்து முடித்துவிடுகிறார்கள். வெயில் ஏறியபின் நெருப்பு எடுப்பதில்லை. தேதியை அவர்களே வைத்தார்கள், அவர்களே காக்கிறார்கள். அதே மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் 2024 ஜூன் 13 அன்று தீயணைக்கப் போன 4 பேர் கருகி இறந்தார்கள். தினக்கூலிக்காரரும் அதில் உண்டு. சமூகப் பங்கேற்பு என்று நாம் மேடையில் பாராட்டுவது பல நேரம் பாதுகாப்புக் கவசமில்லாத மலிவான உழைப்பைத்தான்.

ஊரார் மாசற்றவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துவதும், அணைக்காத பீடியும் இங்கே பழக்கம். நிலமில்லாத ஆட்டுக்காரரின் குரல் குழுவில் கேட்பதும் அரிது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலைத் தடை செய்தது. பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. மரக்கன்றைக் கடிக்கும் ஆடு காட்டுக்குக் கேடுதான். ஆனால் மேயாத புல் மாசியில் தீனியாவது தீக்கு. 2018 மார்ச் 11இல் குரங்கணியில் மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது காய்ந்து நின்ற புல்லில் ஓடிய தீ. நம் பேச்சோ பெரும்பாலும் மலையேற்ற அனுமதிச்சீட்டோடு நின்றுபோனது.

புல்லை எப்போது மேய்ப்பது, எந்த ஓரத்தை எப்போது எரிப்பது என்ற முடிவில் வனக்குழுவுக்கு எழுத்துமூலம் பங்கு வேண்டும். பூண்டியைத் தூர்வார ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கு நந்தியாற்றுச் சரிவுகளுக்குத் திரும்பினால், தீக்காலக் கூலிக்கும் காப்பீட்டுக்கும் வழி பிறக்கும். வனத்துறை பட்ஜெட்டுக்குள் அடங்காத இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியது சென்னைக் குடிநீர் வாரியம்.