சிவனடியாரின் சடாமுடி

கல்கி 1941இல் தம் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கியபோது அதில் தொடராக எழுதிய 'பார்த்திபன் கனவு' நாவலை எத்தனை முறை வாசித்தாலும், என் நெஞ்சம் முதலில் நாடிச் செல்வது வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தைத்தான்.

பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போர்புரிந்து வீழ்ந்த சோழன் பார்த்திபன் குற்றுயிராய்க் கிடக்க, நிலவொளியில் பிணக்குவியல்களினூடே, சடாமுடியும் ருத்திராட்சமும் தரித்த சிவனடியார் ஒருவர் எதையோ தேடி வருகிறாரே, அந்தக் காட்சியின் நிசப்தத்தைப் போல என் மனத்தில் தங்கியது வேறொன்றில்லை. மகன் விக்கிரமனை வீரமகனாக வளர்ப்பதாக அவர் அளிக்கும் வாக்குறுதியே கதைக்கு உயிர்நாடி.

அந்தத் திருவேடத்துக்குள் இருப்பவர், மன்னனை வீழ்த்திய மாமல்ல நரசிம்மவர்மரே என்பது கடைசியில்தான் வெளிப்படுகிறது. விஷயம் தெரிந்தபின் மறுபடி படிக்கும்போதுதான் ரசம் கூடுகிறது என்பேன். பார்த்திபனின் ராணி அருள்மொழிக்கு அவர் கூறும் ஒவ்வோர் ஆறுதல் மொழியிலும், வென்றவனின் மனத்துயரம் மெல்லக் கேட்கிறது.

பார்த்திபன் மகனுக்கென்று விட்டுச்சென்ற மரப்பெட்டியில் இருந்தவை இரண்டே: சோழகுலத்து உடைவாள், திருக்குறள் ஏடு. பொன்னும் மணியும் வைத்திருக்கக்கூடிய இடத்தில் ஓலைச்சுவடியை வைத்த ஆசிரியரின் உள்ளத்தை நான் வணங்குகிறேன். வாதாபியை வென்ற பரஞ்சோதி, வாளைத் துறந்து சிறுத்தொண்டராக வந்து நிற்கும் இடத்திலும் அதே பக்தி மணக்கிறது. காவிரித் துறையில் படகோட்டி பொன்னனும் வள்ளியும் இளவரசனுக்காகக் காத்திருக்கும் அந்தக் குடிசையிலுந்தான்.