கெயின் திருகு

கார் ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகைப் பலரும் வால்யூம் என்றே நினைத்துக் கடைசிவரை முறுக்கிவிடுகிறார்கள். ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தி வைப்பதுதான் அதன் வேலை. கைதேர்ந்த ஒருவர் அதைச் செய்யும் அழகைப் பார்க்க வேண்டும். முதலில் சப்வூஃபர் வயரைக் கழற்றுவார். பேஸ் பூஸ்ட்டை அணைப்பார். ஸ்டீரியோ வால்யூமை முக்காலில் நிறுத்தி 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுவார். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். சக்தி 500 வாட்ஸ், சப்வூஃபர் 4 ஓம்ஸ் என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: சுமார் 44.7 வோல்ட். மீட்டர் அதைத் தொட்டதும் கை நின்றுவிடும். எவ்வளவு நிதானம்! ஆம்ப், சப்வூஃபர் இரண்டில் எதன் ஆர்எம்எஸ் வாட்ஸ் குறைவோ, அதை வைத்துத்தான் இந்தக் கணக்கு.

ஆம்ப்பின் சக்திக்கு மேல் முறுக்கினால் அலையின் உச்சி தட்டையாகும், சப்வூஃபரின் வாய்ஸ் காயில் சூடேறும். கருகல் வாசனை வரும்போது காரியம் கெட்டிருக்கும். ஆஸிலோஸ்கோப் இருந்தால் இன்னும் உத்தமம்; அலை தட்டையாவது கண்ணுக்கே தெரியும்.

ஆம்ப் மாட்டக் கொடுக்கும் முன், கடையில் மீட்டர் வைத்துத்தான் கெயின் வைப்பார்களா என்று கேளுங்கள். பிறகு அந்த முக்கால் வால்யூமைத் தாண்டாதீர்கள்.