நாச்சியார் திருமொழியில் மலையும் மழையும்

திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் பாடல்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைத் திரட்டினால் ஓர் அறை நிறையும். அவற்றுள் பக்தியைக் காண்கிறோம், தத்துவத்தைக் காண்கிறோம், அண்மைக் காலமாகப் பெண்ணின் உரிமைக் குரலையும் காண்கிறோம். அவ்வூருக்கு மேற்கே சுவரென எழுந்து நிற்கும் மலைத்தொடரைக் காண்பதுதான் அரிது. 2018 சனவரியில் இராசபாளையத்தில் நிகழ்ந்த ஓர் உரையையொட்டிப் பெரும் பூசல் எழுந்தபோதும், பேச்செல்லாம் அவருடைய பிறப்பைச் சுற்றியே சுழன்றது. பாசுரங்களுக்குள் பெய்கின்ற மழையைப் பற்றி எவரேனும் பேசியதாக நாம் கேட்கவில்லை.

திருப்பாவையின் நான்காம் பாசுரத்தை எடுத்துக்கொள்வோம். முகில் கடலுள் புகுகிறது, நீரை முகக்கிறது, முழங்கி மேலேறுகிறது, கறுக்கிறது, மின்னுகிறது, இடிக்கிறது, பின்னரே பொழிகிறது. ஒரு படியும் இடம் மாறவில்லை. அதன் கருமைக்குத் திருமாலின் மேனியும், மின்னலுக்கு ஆழியும், இடிக்குச் சங்கும், பொழியும் தாரைக்கு அம்பு மழையும் உவமைகளாகின்றன. இங்கே மழையே முதலில் நிற்கிறது. இறைவனின் படைக்கலங்கள் அதை விளக்க வருகின்றன. வைணவ உரைமரபோ இதைத் திருப்பிப் போட்டு, மழையை ஆசாரியரின் அருளாக்கிவிடுகிறது. பொருந்தாத உரை என்று அதைச் சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆயினும் அவ்வுரையைப் படித்து முடித்த பின் நனைந்த உணர்வு நமக்கு எஞ்சுவதில்லை.

இந்தக் குறையை அயலார் வீட்டுக் குறையாக நாம் பேசவில்லை. நம் முன்னோர் ‘உன்னத சங்கீதம்’ என்று வாசித்ததும், 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு ‘இனிமைமிகு பாடல்’ என்று பெயரிட்டதுமான திருநூல் நம்மிடம் பட்டது இதே பாடுதான். புனித பெர்நார்து அந்நூல் குறித்து 86 மறையுரைகளை இயற்றினார். 1153இல் அவர் இறந்தபோது மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையே எட்டியிருந்தார். திராட்சைத் தோட்டத்தைப் பாழாக்கும் சிறு நரிகள் அவர் கையில் தப்பறைக் கொள்கையினர் ஆயின. அக்காலத் திருச்சபையின் கவலை அது, புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் நரிக்குப் பல் இல்லாமற் போனால் தோட்டத்திற்கு என்ன கேடு? திராட்சை பூத்த பருவத்தில் நரி புகுந்த தோட்டத்தைக் கண்டவருக்கே அந்த உருவகம் சுடும். உட்பொருள் வெளிப்பொருளின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்கிறது.

ஆண்டாள் காட்டுவன எல்லாம் கண்ணால் கண்டவையே என்று வாதிடுவதும் தவறாகும். இருபத்துமூன்றாம் பாசுரத்தில் மாரிக்கால மலை முழையில் உறங்கி எழும் சிங்கம் இலக்கியம் தந்த சிங்கம். இம்மலையில் சிங்கம் இல்லை. (அது உடலை உதறி நிமிரும் விதத்தில் மட்டும் வீட்டுப் பூனையின் சாயல் நமக்குத் தெரிகிறது!) ஆனால் விடியலில் பனிப்புல் மேயச் சிறிது நேரம் அவிழ்த்து விடப்படும் எருமைகளும், கன்றை நினைத்த மாத்திரத்தில் பால் சொரிந்து வீட்டைச் சேறாக்கும் எருமையும் தொழுவத்தை அறிந்த ஒருவர் எழுதியவை. வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாக வரும் குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று காலம் கணித்தார். அதை ஏற்காதோரும் உளர். ஆனால் அப்பாசுரத்தின் வானத்தை மெய்யான வானமென்று நம்பியதால்தானே அம்முயற்சியே பிறந்தது?

நாச்சியார் திருமொழிக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகிறது. அதன் எட்டாம் திருமொழி வேங்கடத்துக்கு முகில்களைத் தூதுவிடுவது. முகில் விடு தூது நம் இலக்கியத்தில் புதிதன்று. நம்மை நிறுத்துபவை, பாடுகிறவள் தன்னைக் குறித்துச் சொல்லும் இரண்டு உவமைகள். ஒன்று, பூச்சியால் உள்ளீடு அற்றுப்போன விளாங்கனி. மற்றொன்று, மழைக்காலத்தில் பழுத்து உதிரும் எருக்கிலை. விளாவும் எருக்கும் சோலை மரங்கள் அல்ல. மலையடிவாரத்துக்குக் கீழே விரியும் வறண்ட நிலத்தில் விளைபவை. முகிலோ உயரத்தில் செல்கிறது, வேங்கடத்தில் பொழிகிறது, அதைக் காண்கிறவள் காய்ந்த நிலத்தில் நிற்கிறாள்.

ஆடி மாதத்தில் திருவில்லிபுத்தூர்த் தேரடியில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு இக்காட்சி புதிதாயிராது. கேரளச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. முகட்டில் கார்முகில் கவிந்து நிற்கிறது. கீழே தெருவிலோ காற்றும் புழுதியும்தான். இவ்வூருக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. கண்ணுக்குத் தெரிந்தும் தன்மேல் பெய்யாத முகிலை ஆண்டுதோறும் கண்டிருந்த ஒருவரே எட்டாம் திருமொழியைப் பாடியிருக்கக்கூடும் என்பது நம் ஊகம். ஊகமே, ஆயினும் எருக்கிலை நம் பக்கம் சாட்சி சொல்கிறது.

ஒன்பதாம் திருமொழி மதுரைக்கு வடக்கேயுள்ள அழகர் மலையைப் பாடுகிறது. சோலையெங்கும் இந்திரகோபப் பூச்சிகள் சிந்தூரப் பொடியெனப் பரந்து கிடக்கின்றன. மழை மண்ணை நனைத்ததும் வெளிவந்து, சில நாள்களில் மறைந்துபோகும் சிறு உயிர் அது. அதற்கு ஒரு பாட்டில் இடம் கொடுப்பது எளிய செயலன்று. அதே திருமொழியில்தான் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேரும் வேண்டுதல் வருகிறது. பிற்காலத்தில் இராமானுசர் அதை நிறைவேற்றியதாகவும், ஆண்டாள் அவரை அண்ணனென அழைத்ததாகவும் மரபு கூறும். வேண்டுதலை உலகம் நினைவில் வைத்தது; பூச்சியை மறந்தது.

விழாக்கள் மறக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆண்டாளின் இடக்கையில் வைக்க நாள்தோறும் ஒரு கிளி புதிதாகச் செய்யப்படுகிறது. அலகுக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை. மரவள்ளியோ போர்த்துக்கீசியர் வழியாகத் தென் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த செடி. நம் மறைபரப்பாளர் வந்த கடல்வழியாகவே அதுவும் வந்தது. ஆண்டாளின் கிளி அதை அந்நியமென்று தள்ளவில்லை. புரட்டாசியில் அவர் சூடிக் களைந்த மாலை திருமலைக்குச் செல்கிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் அழகருக்கும் செல்கிறது. முகிலைத் தூதுவிட்டவரின் விழா இன்று மாலையைத் தூதுவிடுகிறது. ஆடிப்பூரத் தேரின்போது பெருங்கூட்டம் கூடுவது ஊருக்குள்தான்.

அதே ஆடியில் அதே மலைத்தொடரின் சதுரகிரியில் நிகழும் அமாவாசை விழா இதற்கு நேர்மாறானது. அங்கே ஊர் காட்டுக்குள் செல்கிறது. தாணிப்பாறையிலிருந்து சுந்தர மகாலிங்கம் கோயில் வரை இலட்சக்கணக்கானோர் ஓடைகளைக் கடந்து ஏறுகின்றனர். 2015 மே மாதத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் அங்கே பக்தர்களின் உயிரைக் குடித்தது. அதன்பின் பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மட்டுமே அனுமதி இருந்தது. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமாக்கப்பட்ட இக்காடு, 2021 முதல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகம். அந்த அணில் தரைக்கு வருவது அரிது. கிளையும் கிளையும் தொட்டு நிற்கும் வரைதான் அதற்கு வழி உண்டு.

மலையேறுகிறவரின் பக்தியை எடை போடுவது நம் பணியன்று. நம் மக்களும் திருத்தலங்களுக்கு நடக்கிறவர்களே; போகும் வழியில் நாம் விட்டுச்செல்லும் நெகிழிப் பைகளையும் அறிவோம். ஆனால் திறனாய்வாளர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காடு வெறும் அடையாளம் என்று பழகிய வாசிப்பு, அடையாளம் கையில் இருக்கும் வரை காடு அழிவதை உணராது. இராசபாளையத்தார் மலையடியிலுள்ள தம் தெய்வத்துக்கு நீர்காத்த அய்யனார் என்று பெயரிட்டிருக்கின்றனர். அப்பெயருக்கு உட்பொருள் உரை தேவையில்லை; அவ்வூரார் குடிக்கும் நீர் முடங்கியாற்றிலிருந்து வருகிறது.

நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களுக்கும் பெரியவாச்சான் பிள்ளையின் உரை உண்டு. அதற்குப் பக்கத்தில் வைக்க இன்னோர் உரை வேண்டும்: கருவிளை எது, காந்தள் எந்த மாதம் பூக்கும், குயில் எப்போது கூவி எப்போது அடங்கும் என்று கூறும் உரை. அதை எழுத வடமொழியும் தென்மொழியும் கற்றவர் மட்டும் போதாது. செண்பகத்தோப்பில் வாழும் பளியர் முதியோர் ஒருவரும் அருகில் அமர வேண்டும். காயாம்பூவைத் திருமாலின் நிறமென்று ஆண்டாள் காண்கிறார். நம்முள் பலர் அப்பூவை அகராதியில் மட்டுமே அறிவோம். அவர் கண்ட நீலம் எதுவென்று அம்முதியவர் ஒரு கிளையை வளைத்துக் காட்டக்கூடும்.