முதல் பூஜ்யத்தைத் தேடும் அழகு

கல்யாண வீட்டு மொய்க் கணக்கை எக்செல்லில் ஏற்றியவர்களுக்கு இந்தப் பட்டியல் பழகியதாக இருக்கும். ஏ நெடுவரிசை முழுக்க ஊர்ப் பெயர்கள்: மதுரை, தேனி, மதுரை, போடி, தேனி, மதுரை. வந்த ஊரே திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வோர் ஊரையும் ஒரே ஒரு முறை, வந்த வரிசை குலையாமல் எடுத்துத் தர வேண்டும். அதற்கென்றே இண்டெக்ஸ், மேட்ச், கவுண்ட்இஃப் என்ற மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த பழைய ஃபார்முலா ஒன்று உண்டு. ஆற அமர ஒருமுறை அதன் உள்ளே போய்ப் பாருங்கள், வெளியே வர மனம் வராது.

அடி ஆழத்தில் இருப்பது கவுண்ட்இஃப். பெரிய பட்டியலில் ஒரு பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்வதே அதன் அன்றாட வேலை. இங்கே அந்த வேலை அழகாகப் புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. எண்ணும் இடம், பி நெடுவரிசையில் இன்னும் எழுதி முடியாத விடைப் பட்டியல். தேடும் பெயரோ ஒன்றல்ல, மூலப் பட்டியலின் ஆறு பெயர்களும். ‘இதுவரை எழுதியதில் நீ இருக்கிறாயா?’ என்று ஆறு பேரையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறது. தான் எழுதியதைத் தானே திரும்பிப் பார்த்து அடுத்த சொல்லை எழுதும் அந்த அடக்கம்தான் இதன் உயிர்.

அந்தத் திரும்பிப் பார்த்தலைச் சாத்தியமாக்குவது சின்னஞ்சிறு டாலர் குறி. ஃபார்முலாவை பி2-இல் எழுதும்போது, எண்ணும் எல்லை பி1-இலிருந்து பி1 வரைதான். அதில் இருப்பது வெறும் தலைப்பு. முதல் பி1-க்கு டாலர் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. கீழே இழுத்துவிட்டால், முளையடித்த கயிறாக ஒரு முனை அப்படியே நிற்க, மறுமுனை பி2, பி3 என்று நீண்டுகொண்டே போகிறது. ஒரே ஃபார்முலா, ஒவ்வொரு செல்லிலும் தனக்கு மேலே உள்ளதை மட்டும் பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

பி2-இல் ஆறு பெயருக்கும் விடை பூஜ்யம். ‘முதல் பூஜ்யம் எங்கே?’ என்கிறது மேட்ச். ஒன்றாம் இடம். அங்கே இருக்கும் மதுரையை இண்டெக்ஸ் எடுத்துவந்து வைக்கிறது. பி3-இல் கவுண்ட்இஃப் தரும் வரிசையைப் பாருங்கள்: 1, 0, 1, 0, 0, 1. மூன்று மதுரைகளும் ஒரே கணத்தில் 1 ஆகிவிட்டன! முதல் பூஜ்யம் இரண்டாம் இடத்தில், தேனி. பி4-இல் 1, 1, 1, 0, 1, 1. மிச்சமிருக்கும் ஒற்றைப் பூஜ்யம் நான்காம் இடத்தில், போடி. பூஜ்யத்தை இல்லாமையின் குறி என்றே பழகிவிட்டோம். இங்கே அதுதான் ‘இன்னும் எழுதப்படாதவர் இங்கே இருக்கிறார்’ என்று கைகாட்டுகிறது. அடுத்த செல்லில் பூஜ்யமே இல்லை. பிழைச் செய்திதான் வரும். வெளியே ஓர் இஃப்எரர் சுற்றிவிட்டால் செல் வெறுமையாக, சுத்தமாக இருக்கும்.

பழைய பதிப்புகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தியதும் நெளிந்த அடைப்புக்குறிகள் இரண்டு, தாமாகவே வந்து ஃபார்முலாவை இருபுறமும் அணைத்துக்கொள்ளும்.

எத்தனை ஊர் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு இதைவிடவும் நுட்பமான ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, 1-ஐ அந்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் சம்புராடக்ட் கொண்டு கூட்டுவது. மதுரை மூன்று முறை வருவதால் ஒவ்வொரு மதுரையும் மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் சேர்ந்தால் 1. தேனி இரண்டு அரைகள், சேர்ந்தால் 1. போடி தனியாகவே 1. மொத்தம் 3. பலமுறை வந்தவருக்கும் ஒருமுறை வந்தவருக்கும் சரிசமமாக ஒரே ஓர் இடம். எதையும் நீக்காமல், எதையும் வரிசை மாற்றாமல், வெறும் பின்னங்களால் இந்த நியாயத்தைச் செய்துவிடுகிறதே! எனக்கு இந்த ஃபார்முலாவின் மேல்தான் பிரியம் அதிகம். பட்டியலின் நடுவே வெற்றுச் செல் ஒன்று இருந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து அது நின்றுபோகும். அந்த மென்மையையும் சேர்த்தே பிரியம்.

2018-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த யூனிக் என்ற ஒற்றைச் சொல், ஒவ்வோர் ஊரையும் ஒரே ஒரு முறை எடுத்துத் தரும் அந்த முதல் வேலையை இன்று முடித்துவிடுகிறது. கூகுள் ஷீட்ஸில் அது அதற்கு முன்பே இருந்தது. பி2 செல்லில் மட்டும் எழுதினால் போதும், விடை தானாகவே கீழே வழிந்து நிரம்புகிறது. எக்செல்லில் அந்தப் பரப்பைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு ஒன்று படர்கிறது. யூனிக்கின் மூன்றாவது உள்ளீட்டைப் பலர் தொடுவதே இல்லை. அங்கே ‘ட்ரூ’ என்று கொடுத்தால் மதுரையும் தேனியும் விலகிக்கொள்ள, போடி மட்டும் நிற்கும். ஒரே ஒருவர் வந்து மொய் எழுதிய ஊர் எது என்று அந்த ஒரு சொல் தேடித் தந்துவிடுகிறது.

யூனிக் வழியவிட்ட ஊர்ப் பட்டியலைப் பிறகு வேறெங்கு வேண்டுமானாலும் அழைக்கலாம். பி2 என்று எழுதி, அருகே ஒரு ஹேஷ் குறி போட்டால் வழிந்த பட்டியல் முழுவதும் என்று எக்செல் புரிந்துகொள்கிறது. அதையே கீழ்விரியும் தேர்வுப் பட்டியலுக்கு மூலமாகக் கொடுத்துப் பாருங்கள். ஏ நெடுவரிசையை ஒரு டேபிளாக மாற்றி வைத்திருந்தால், கடைசியில் உசிலம்பட்டி என்று தட்டிய மறுகணம் அந்த ஊரும் தேர்வுப் பட்டியலில் வந்து சேர்ந்துகொள்ளும்.