தாண்டிக்குடிக்குப் போனால் முதலில் அண்ணாந்து பாருங்கள்

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி போகும் பேருந்தில் ஒருமுறை எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வழிநெடுக ஒரே கேள்விதான். "காப்பித் தோட்டம் எப்பங்க வரும்?" பெரும்பாறை தாண்டிய பிறகு கண்டக்டரையே கேட்டுவிட்டார்கள். அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அரை மணி நேரமா அதுக்குள்ளதாங்க போறோம்" என்றார். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியே தெரிந்ததெல்லாம் காடு.

அவர்கள் மேல் தப்பில்லை. மூணாறிலும் வால்பாறையிலும் தேயிலையைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. தேயிலைத் தோட்டம் தன்னைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கும். மலை முழுக்க ஒரே பச்சை, ஒரே உயரம். வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். காப்பி அப்படிக் காட்சி தராது. மரங்களுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கும். சாலையிலிருந்து பார்த்தால் மரம்தான் தெரியும். ஆகவே காப்பி விளையும் ஊருக்குப் போகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் காரியம், செடியைத் தேடுவதற்கு முன் அதன் கூரையைப் பார்ப்பது.

திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில், 4,000 அடிக்கு மேல் இருக்கும் ஊர் தாண்டிக்குடி. முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மலை உச்சியில் பாலமுருகன் கோவில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பெருங்கற்காலக் கற்திட்டைகளும் உண்டு. காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று இந்தச் சின்ன ஊரில் இருப்பதிலிருந்தே, காப்பிக்கு இது எவ்வளவு வேண்டிய இடம் என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, கூரைக்கு வருவோம். ஏதாவது ஒரு தோட்டத்தின் ஓரமாக நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியில் சில்வர் ஓக், பலா, அத்தி, பெயர் தெரியாத காட்டு மரங்கள். அவற்றின் உடம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடி. அதற்குக் கீழே கல்யாண முருங்கை, வாழை, ஆரஞ்சு, இங்கே பட்டர் ஃப்ரூட் என்று சொல்லப்படும் வெண்ணெய்ப் பழ மரம். அதற்கும் கீழேதான் காப்பி. அராபிகா வகைக் காப்பி எத்தியோப்பிய மலைக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த செடி. நேர்வெயில் அதற்கு ஆகாது. தண்டைத் துளைக்கும் வண்டு ஒன்று அராபிகாவின் பெரிய எதிரி. வெயில் படும் தண்டாகப் பார்த்துத்தான் அது முட்டையிடும். நிழலைக் கழித்துவிட்ட தோட்டத்தில் இரண்டு மூன்று வருடத்தில் செடிகள் வரிசையாகக் காயத் தொடங்கும்.

நிழல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, தரையைப் பார்ப்பது. நல்ல தோட்டத்தில் வெயில் சல்லடையில் சலித்து விழுந்த மாதிரி காசு காசாகக் கிடக்கும். காலடியில் சருகு மெத்தென்று அமுங்கும். அந்தச் சருகைக் கையால் விலக்கினால் கறுத்த, ஈரமான மண். சில தோட்டங்களில் சில்வர் ஓக் மட்டும் அணிவகுத்து நிற்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். சீக்கிரம் வளரும், மிளகு ஏற்றலாம், வெட்டினால் காசு. விவசாயியின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் என் மனம் பலாவும் அத்தியும் கலந்து நிற்கும் தோட்டத்தில்தான் தங்குகிறது. அங்கேதான் காலையில் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும். மலையணில் கிளைவிட்டுக் கிளை தாவும்.

கூரையில் வாழையைச் சொன்னேன். அது சாதாரண வாழை இல்லை. விருப்பாச்சி மலைவாழை. இந்த மலையில் காப்பிக்கு நிழலாக நட்ட அந்த வாழையின் பழம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போனது. முடிக்கொத்து நோய் வந்து பெரும்பகுதி அழிந்துபோய், திரும்பக் கொண்டுவர ஆராய்ச்சியாளர்களும் விவசாயிகளும் பாடுபட்டார்கள். இந்த வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு, 2019இல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. கடையில் தொங்கும் சின்னத் தார் கண்ணில் பட்டால் நாலு பழம் வாங்கிச் சாப்பிடுங்கள். பழம் சின்னது, சதை ஈரப்பசை குறைந்து கெட்டியாக இருக்கும். பஞ்சாமிர்தம் நீர்த்துப்போகாமல் நிற்பது அதனால்தான்.

எப்போது போவது? இரண்டு பருவங்களைச் சொல்வேன். ஒன்று, மார்ச்–ஏப்ரல். கோடையில் காப்பி மொட்டு இறுகிப்போய்க் காத்துக்கொண்டிருக்கும். ஒரு நல்ல மழை விழ வேண்டும். தோட்டக்காரர்களுக்கு அது பூ மழை. விழுந்த எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே காலையில் பூத்துவிடும். கிளையில் இலை பிறக்கும் கணு ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கொத்து. மல்லிகைக்குப் பங்காளி மாதிரி ஒரு மணம், கூடவே கொஞ்சம் ஆரஞ்சுப் பூ வாசனை. தேனீக்களின் இரைச்சல் தோட்டத்துக்குள் நுழையும் முன்பே காதில் விழும். இரண்டு மூன்று நாள்தான். பிறகு பூ பழுப்பாகி உதிர்ந்துவிடும். தேதி பார்த்து அறை பதிவு செய்து இந்தப் பூவைப் பிடிக்க முடியாது. ஊரில் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, "மழை பெஞ்சா ஒரு போன் போடுங்கண்ணே" என்று சொல்லி வைப்பதுதான் வழி. நான் அப்படித்தான் மூன்றாவது வருடம் பார்த்தேன்.

மற்றது நவம்பர் முதல் ஜனவரி வரை, பழம் எடுக்கும் காலம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் நல்லது. மார்கழிப் பனியில் பல் கிட்டும், அதற்குத் தயாராகப் போங்கள்.

தோட்டங்கள் தனியாருடையவை. கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். யாராவது கூடவே வந்து காட்டுவார்கள். மழைக்காலத்தில் அட்டை உண்டு, முழுக்காலையும் மூடும் செருப்போ ஷூவோ வேண்டும். சாயங்காலத்துக்குப் பிறகு தோட்டத்துக்குள் நடக்காதீர்கள். காட்டுமாடு மேய வரும் நேரம் அது.

செடியருகே நின்றால் முதலில் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் மஞ்சள்பொடி தடவிய மாதிரி புள்ளிகள் இருந்தால் அது இலைத்துரு நோய். 1869இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கிருந்த காப்பித் தோட்டங்களையெல்லாம் சில பத்தாண்டுகளில் தீர்த்துக் கட்டியது இந்தப் பூஞ்சைதான். காப்பிக்கென்று தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து நடந்து போய்க் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் தேயிலை பறிக்க நேர்ந்தது அதனால்தான். இந்த நோயைத் தாங்கும் செடி வேண்டும் என்று கர்நாடகத்துப் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய வகைதான் எஸ்.795. தோட்டக்காரர் "இது எழுநூத்தித் தொண்ணூத்தஞ்சு, அது காவேரி" என்று பெயர் சொல்லிக் காட்டினால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காவேரி குட்டையாக, நெருக்கமாகக் காய்க்கும். 795 கைகளை அகல விரித்து நிற்கும். சுவையில் என் ஓட்டு 795க்கு.

பழம் எடுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் சேர்ந்தே இருக்கும். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்கிறார்கள் பெண்கள். உருவி எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காயும் வரும், கணுவும் காயப்படும். மீதி பழுக்கப் பழுக்க அதே செடிக்கு மூன்று நான்கு தடவை திரும்ப வருவார்கள். எத்தனை வருடமாக இந்த வேலை என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். "வயசுக்கு வந்ததுலேர்ந்து தம்பி" என்றார். பேசும்போது முகம் என் பக்கம், விரல் மட்டும் செடியில். எடுத்த பழத்தைப் பார்த்தேன், ஒரு காய்கூட இல்லை. நிறத்தை விரலால் அறிகிறாரோ என்று தோன்றியது. அவரிடம் கேட்டதற்கு, "பழுத்தது கையில இளகுமில்ல" என்றார்.

கேட்டு வாங்கி ஒரு பழத்தை வாயில் போடுங்கள். தோல் மெல்லியது, சதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இனிக்கும். உள்ளே இரண்டு கொட்டை, தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி, வழுவழுவென்று ஒரு பசையில் பொதிந்து இருக்கும். சிலதில் ஒற்றைக் கொட்டை, உருண்டையாக. கடையில் பீபெர்ரி என்று கேட்டு வாங்குகிறோமே, அது இதுதான். சுமார் 6 கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். நாம் குடிக்கும் ஒரு தம்ளர் காப்பிக்குப் பின்னால் 30–35 பழங்கள், அதாவது 30–35 தடவை ஒரு கை திருகிய திருகல் இருக்கிறது.

சாயங்காலம் பழம் எடை போட்ட பிறகு எல்லோரும் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் ஊர் பிடிக்க ஆரம்பிக்கும். பறித்த அன்றே தோலை உரித்தாக வேண்டும். பெரிய தோட்டத்தில் மோட்டார் வைத்த பல்பர். சின்னத் தோட்டத்தில் கையால் சுற்றுவது. முதலில் பழத்தைத் தண்ணீரில் கொட்டுவார்கள். மிதப்பது சொத்தை, தனியே போகும். பல்பரில் தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் பிரியும். பசையோடு இருக்கும் கொட்டையைத் தொட்டியில் புளிக்கப் போடுகிறார்கள். மலைக்குளிரில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். போதுமா என்று பார்ப்பது கையால்தான். ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் வழுக்கக் கூடாது. ஆற்றுக் கூழாங்கல்லைப் பிடித்த மாதிரி சொரசொரக்க வேண்டும். அரை நாள் தாமதித்தாலும் புளித்த வாடை கொட்டையில் ஏறிவிடும். பிறகு எத்தனை நன்றாக வறுத்தும் பயனில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காப்பி ஊரில் காப்பி மணம் இருக்காது. நாம் காப்பி மணம் என்று நினைப்பது வறுக்கும்போது பிறக்கிறது, வறுப்பதோ பெரும்பாலும் கீழே ஊர்களில். மலையில் இருப்பது வேறு வாசனைகள்: பல்பர் பக்கம் பலாப்பழமும் கள்ளும் கலந்தது போல ஒன்று; கழுவும் தொட்டியருகே பச்சைப் பட்டாணி வாசனை; பழத்தோடேயே காயப்போட்ட செர்ரிக் களத்தில் உலர்திராட்சை வாசனை. இவற்றை மூக்கில் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னால் தம்ளரில் அடையாளம் தெரியும். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குழியில் தேக்கித் தெளிய விடுகிற தோட்டக்காரரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஓடையில் விடுகிறவரிடம் நான் கொட்டை வாங்குவதில்லை.

களத்துக்குக் காதோடு போங்கள். கழுவிய முதல் நாள் கொட்டையைக் கிளறினால் சத்தமே வராது, ஈர மணலைத் தள்ளுவது போலிருக்கும். மூன்றாம் நாள் சலசலக்கும். ஒரு வாரம் பத்து நாளில் மேல்தோல் உலர்ந்து உள்ளே கொட்டை சுருங்கியதும் கலகலவென்று கிளிஞ்சல் ஓசை. மணிக்கு ஒருதரம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் குவித்துப் படுதா போட்டு மூட வேண்டும், பனி இறங்கினால் கெட்டது. காய்ந்த ஒன்றை நகத்தால் உரித்துப் பாருங்கள். நீலம் கலந்த பச்சையில் ஒரு கொட்டை, புல்லின் வாசனையோடு.

கடைசியாகக் குடிப்பது. ஊர்க் கடைகளில் பெரும்பாலும் டீதான் ஓடும். காப்பி கேட்டால் பாக்கெட் தூளைக் கரைத்துத் தருவார்கள். ஆகவே வீட்டில் குடிக்க வேண்டும். விளைவிக்கிறவர்கள் வீட்டில் செர்ரிக் கொட்டையைக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார்கள். இரும்புச் சட்டியில் வறுத்து, இடித்து, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு வரக்காப்பி வைப்பார்கள். கறுப்பாக, கொஞ்சம் புகையோடு, தொண்டையைப் பிடிக்கும். அது அந்த வீட்டுக் காப்பி. குறை சொல்லாமல் முழுவதும் குடியுங்கள்.

சுவை பார்க்க, கழுவிக் காயவைத்த அராபிகாவில் கால் கிலோ வறுத்து வாங்கிக்கொள்ளுங்கள், சிக்கரி இல்லாமல். சிக்கரிமேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. கும்பகோணத்துத் தம்ளரில் அது கொடுக்கும் கெட்டியும் நிறமும் வேண்டியவைதான். கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. மீதியைச் சிக்கரி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மலையின் குணத்தை முதலில் மூடிவிடுவதும் அதுதான். வீட்டுக்கு வந்து, கொதித்து அடங்கிய வெந்நீரில் பால் சர்க்கரை இல்லாமல் ஒரு தம்ளர் இறக்குங்கள். சூட்டில் ஒரு வாய், ஆறி வரும்போது ஒரு வாய், நன்றாக ஆறிய பின் ஒரு வாய். மெல்லிய புளிப்பு ஒன்று தெரியும். நம் நாக்கு அதைக் கெட்டுப்போனது என்று சொல்லப் பார்க்கும். அவசரப்படாதீர்கள். நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வருமே, அந்தப் பக்கத்துச் சுவை அது. ஆற ஆற அதற்குப் பின்னால் வெல்லப்பாகு போல ஒரு இனிப்பு வரும். இரண்டாவது தம்ளரில் தாராளமாகப் பால் சேர்த்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் குடிக்கிறேன். முதல் தம்ளரில் கடைசி வாயை மட்டும் முழுவதும் ஆறும்வரை விட்டுவைத்து, பாலும் சர்க்கரையும் நாக்கைத் தொடுவதற்கு முன் குடித்துவிடுங்கள். களத்தில் முகர்ந்த உலர்திராட்சை வாசனை எனக்கு அந்த வாயில்தான் ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது.