மிகைச்சொல்லின் வலிவும் நலிவும்

மனிதன் தான் கண்டதைச் சொல்வதோடு அமைவதில்லை. அதனால் தன் உள்ளம் எவ்வளவு அசைந்தது என்பதையும் கேட்போர் உணரவேண்டும் என்று விழைகிறான். அந்த விழைவே பண்புச்சொற்களுக்கு அழுத்தம் தேடித் தருகிறது. லண்டனில் தமிழர் நிறைந்த ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவிலும், கொலம்பியரும் ஈக்வடோரியரும் கூடும் எலிபன்ட் அண்ட் காஸில் உணவகங்களிலும் செவிகொடுத்து நிற்பவருக்கு, தமிழும் ஸ்பானிஷும் இத்தேவையை வெவ்வேறு மார்க்கங்களில் நிறைவேற்றிக்கொள்வது புலனாகும்.

உண்டது சுவைத்தால் ஸ்பானிஷ் பேசுவோர் 'ரிகோ' என்பர். மிகவும் சுவைத்தால், லத்தீன் வழிவந்த விகுதியொன்றைச் சேர்த்து 'ரிகீஸிமோ' என்பர். பெரும்பாலான பண்புச்சொற்களோடு அவ்விகுதி தடையின்றி இணங்குவது அம்மொழிக்குப் பெரிய சௌகரியம்.

தமிழின் சம்பத்து வேறு வகையானது. செக்கச்செவேல், பச்சைப்பசேல், கன்னங்கரேல், புத்தம்புதிது, சின்னஞ்சிறியது என்று ஒவ்வொரு பண்பும் தனக்கே உரிய அழுத்தத்தைத் தன் வேரிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. ஒன்றன் அழுத்தம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. 'பெரீய வீடு' என்று உயிரை நீட்டும்போதோ, வேறு சொல்லின் துணையே வேண்டாமல் குரலே பருமனைக் காட்டிவிடுகிறது.

குறையும் இல்லாமலில்லை. ஈழத்தமிழர் பேச்சில் 'சரியான' என்பது மிகுதிப்பொருளில் வழங்குகிறது. சரியான குளிர், சரியான கஷ்டம் என்னும் பிரயோகங்கள் இனியவையே. ஆனால் மீன்கடையில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் 'சரியான விலை' என்று மலைக்கும்போது, அருகில் நிற்கும் தஞ்சாவூர்க்காரர் அதை நியாயமான விலை என்று கொள்ளக்கூடும். ஸ்பானிஷ் விகுதிக்கு மிகுதியைத் தவிர வேறு வேலை இல்லாமையால் இத்தகைய மயக்கம் அங்கே எழுவதில்லை.

இதனினும் பெரிய தோஷம், ஒரே அழுத்தச்சொல்லை எல்லாவற்றுக்கும் வழங்குவது. தோசையும் சூப்பர், சேலையும் சூப்பர், சங்கீதக் கச்சேரியும் சூப்பர் என்றானபின், அச்சொல் பேசுபவரின் உற்சாகத்தைத் தெரிவிக்கிறதேயன்றிப் பொருளின் குணத்தைத் தெரிவிப்பதில்லை. ஸ்பானிஷ் பேசும் இளைஞரும் அதே 'சூப்பர்' என்பதை முன்னொட்டாக்கி வழங்குவதால், இத்தளர்ச்சி நமக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவு.

ஆகவே மிகைச்சொல்லே கூடாது என்பது என் அபிப்பிராயமன்று. அது ஒழிந்தால் சம்பாஷணை உயிரிழந்துவிடும். பண்பறிந்து அழுத்தம் தருவதே வேண்டுவது. லண்டனின் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகள், குழந்தைகளுக்கு நிறப்பெயர்களைக் கற்பிக்கையில் சிவப்போடு செக்கச்செவேலையும் பச்சையோடு பச்சைப்பசேலையும் சேர்த்தே நாவில் பழக்கினால், அவர்கள் வியப்பைச் சொல்ல இரவல் சொல்லைத் தேடவேண்டிய அவசியம் பெரிதும் குறையும்.