விரல்நகத் துண்டுகள்

பவளத்தை வாழவைக்க அதை அறுக்க வேண்டும்! புளோரிடாவின் மோட் கடல் ஆய்வகத்தில் வைரப்பல் ரம்பம் அந்த வேலையைத்தான் செய்கிறது.

அங்கே ஆய்வு செய்த டேவிட் வான், தொட்டியில் ஒட்டியிருந்த எல்க்ஹார்ன் பவளத்தைப் பெயர்த்தபோது அடியில் சில பாலிப்புகளே, அதாவது பவளத்தின் சிற்றுயிர்களே, மிஞ்சின. செத்துவிடும் என்று நினைத்தார். சில வாரங்களில் அவை தழைத்திருந்தன. காயம்பட்ட பவளம் காயத்தை ஆற்றும் அவசரத்தில் பல மடங்கு வேகமாக வளர்கிறது. விரல்நக அளவுத் துண்டுகளைச் செத்த பவளப் பாறைமேல் நெருக்கி ஒட்டினால், ஒரே தாயின் துண்டுகள் என்பதால் சண்டையில்லாமல் ஒன்றாகிவிடுகின்றன. வேற்றுப் பவளமென்றால் எல்லைப் போர்தான்.

இப்படி 2015-இல் நட்ட நட்சத்திரப் பவளங்கள் 2020-இல் கடலிலேயே இனப்பெருக்கம் செய்தன. நேர்த்தியான கைவேலை.

ஆனால் 2023 கோடையில் புளோரிடாவின் கடல் கொதித்தது. கடல் நாற்றங்கால்களில் வளர்த்த பவளங்களை அவசரமாகக் கரைத் தொட்டிகளுக்கு ஏற்ற வேண்டியதாயிற்று.